கையில் எலுமிச்சம்பழம், கதவடியில் ஜெசிந்தா அக்கா

சின்னப் பிள்ளைகளுக்கு ஐரிஷ் நடனம் பழக்குகிற தொழிலில் கால் நோவது பிறகுதான். அதற்கு முன்னால் பெற்றோரின் பார்வை வந்து குத்தும்.

பிறத்தியார் பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளும் என் இனத்தவரே, வயலின் ரீச்சர்மாரே, நீச்சல் பழக்குபவர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிச்சுவடியோடு மல்லுக்கட்டுபவர்களே, உங்களுக்கு அந்தப் பார்வை தெரியும். பிள்ளையின் குளிர்ச்சட்டையைக் கழற்றிக்கொண்டே நம் முகத்தில் எதையோ தேடுவார்கள். எனக்கு அது இரண்டு மடங்காகக் கிடைக்கிறது. நான் சாவகச்சேரியில் பிறந்து, சின்ன வயதில் அப்பா அம்மாவோடு அயர்லாந்துக்குப் போய், கோர்க் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பெட்டைகளோடு சேர்ந்து இந்த ஆட்டத்தையும் தகரக் குழலையும் பழகியவள். பிறகு கலியாணம் கட்டி இத்தாலிக்கு, சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவுக்கு வந்தேன். கிழமை நாட்களில் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் துடைக்கிறேன், துணிக்கு இஸ்திரி போடுகிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் போர்கோ வெக்கியோவில், ஒரு கத்தோலிக்கப் பங்கின் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டம், பாட்டு, கதை.

மண்டபத்தைத் தந்த பாதர், "பாஸ்குவா வரைக்கும் பார்ப்போம்" என்றுதான் தந்தார். உயிர்த்த ஞாயிறு தாண்டினால் உண்டா இல்லையா என்று அவருக்கே தெரியாது. எனக்கோ அந்த மண்டபம் போனால் சனிக்கிழமையே போன மாதிரி. மற்ற நாட்களில் ஆட்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வாளி எடுத்துவரத்தான். சனிக்கிழமை மட்டும் நான் சொல்ல நாலு பேர் செய்கிறார்கள், அந்த நாலு பேருக்கும் பல் விழுந்துகொண்டிருக்கிற வயதென்றாலும்.

ரீச்சரைத் தேடிய சிஞ்ஞோரா

முதல் வகுப்பன்று நல்ல மழை. ஒரு சிஞ்ஞோரா, இந்த ஊர் இத்தாலியப் பெண்மணி, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, தன் கோட்டை என்னிடம் தந்தார், குடையைத் தந்தார், பிறகு ஈரமான தரையை விரலால் காட்டினார். பிள்ளைகள் வழுக்கி விழக்கூடாதே என்று நானும் துடைத்தேன். கைப்பழக்கம், என்ன செய்ய. துடைப்பத்தைச் சுவரோடு சாத்திவிட்டுக் குழலை எடுத்து ஊதி, பிள்ளைகளை வரிசையில் விட்டு, முன்னால் நின்று ஆடியும் காட்டினேன். சிஞ்ஞோரா பின்னால் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்தது. அடுத்த கிழமை மெல்லிய சப்பாத்துப் போட்டு அனுப்புங்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி கிட்ட வந்து கேட்டார்: "நீங்கள் நல்லாய்த்தான் சமாளிக்கிறீங்கள். ஆனா மேஸ்த்ரா எத்தினை மணிக்கு வருவா?"

கைக்கு என்ன நடந்தது

சிவகுமார் அண்ணை வியா மக்வேதா என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். மூத்த மகள் பரதநாட்டியம் பழகுகிறாள். இளையவன் கவினை என்னிடம் விட்டார். இரண்டாம் கிழமையே வந்து நின்றார். ஐரிஷ் நடனம் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆடுவதெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். இரண்டு கையும் உடம்போடு ஒட்டி நேரே தொங்கும்.

"தங்கச்சி, அங்கை மூத்தவளுக்குக் கை பழக்கத்தான் வகுப்புக்கு அனுப்புறம். இஞ்சை நீர் கையே வேண்டாம் எண்டுறீர். கைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியாது. சின்ன வீடுகளில் ஆடியதால் இடம் போதவில்லை என்பார்கள் சிலர், கையை ஆட்டுவது அடக்கமில்லை என்று அந்தக் காலத்துச் சாமிமார் தடுத்தார்கள் என்பார்கள் வேறு சிலர் என்றேன். சாமிமார் என்ற சொல்லோடு அவர் முகம் மாறிவிட்டது. மண்டபச் சுவரில் இருந்த சிலுவையை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். சைவப் பிள்ளையை மெல்ல மெல்ல இழுக்கிறாள் என்று அவர் நெற்றியிலேயே எழுதியிருந்தது, அந்த நெற்றியில் விபூதி பூசியிருந்தும்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் "அ ஹேன், அ தோ, அ த்ரீ" என்று ஒரே குரலில் தொடங்கினார்கள். அது என்ன மந்திரம் என்றார். ஐரிஷில் ஒன்று, இரண்டு, மூன்று என்றேன், நானும் சைவம்தான் அண்ணை என்றேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எண்ணுறதெண்டா எண்ணட்டும். ஆனா மூண்டுக்குப் பிறகு ஆமென் வந்துதெண்டா நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

சும்மா அளக்கிறவர்

சிஞ்ஞோர் சால்வோ கராத்தே பழக்குபவர். எனக்குப் பிறகு மண்டபம் தனக்குத்தான் என்று அவருக்கு ஒரு முடிவு. கிழமைக்குக் கிழமை அளவு நாடாவோடு வருவார். சுவரிலிருந்து சுவருக்கு இழுப்பார், கதவிலிருந்து மேடைக்கு இழுப்பார், தலையாட்டிக்கொள்வார். போன கிழமை இருந்த மண்டபம்தான் இந்தக் கிழமையும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் நாடாவைத் தாண்டிப் பாய்ந்து பாய்ந்தே பிள்ளைகள் பாடத்தை முடித்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "பயப்படாதீங்கோ சிஞ்ஞோரா, நான் சும்மா அளக்கிறன்," என்றார்.

கதவடிக் கதிரை

மற்ற அம்மாமார் பிள்ளையை இறக்கிவிட்டதும் சந்தைக்குப் பறந்துவிடுவார்கள். ஜெசிந்தா அக்கா மட்டும் போகமாட்டார். மன்னார்க்காரி, அதே பங்கில் பாடகர் குழுவில் இருப்பவர், மகள் அனித்தா என் வகுப்பிலேயே ஆகச் சின்னவள். கதவடியில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, மடியில் கைப்பையை வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு இருப்பார். கண் என்மேல். நான் திரும்பினால் கண் நிலத்தில்.

ஆளைப் பார்த்தால் சிஐடி என்றே எனக்குப் பட்டது. சந்தேகப்படுகிறவர்களைச் சந்தேகப்படுவதில் நானும் யாருக்கும் குறைந்தவள் இல்லை. இருந்து இருந்து பார்த்துவிட்டு, ஒருநாள் இனிப்பாகவே சொல்லிப் பார்த்தேன், அக்கா, ஏன் மினக்கெடுகிறீர்கள், போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வாருங்கோவன் என்று. அவர் கைப்பையை இன்னும் கொஞ்சம் மடிக்குள் இழுத்துக்கொண்டார். "சாமானை எப்பவும் வாங்கலாம் தங்கச்சி. பிள்ளையை வாங்கேலாது."

வெள்ளைச் சேட்டு

ஐரிஷ்காரர் அடிக்கும் மேளம் ஒன்று இருக்கிறது. வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோலை இழுத்து அறைந்திருப்பார்கள், சின்னத் தடியால் அடிப்பது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று முதல்தரம் கொண்டுபோன அன்று, பக்கத்துக் கட்டடத்தில் படி துடைத்துக்கொண்டிருந்த ராசன் அண்ணை மண்டபத்துக்குள் வந்தார். வேலை உடுப்பு மாற்றி வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார், தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார், முகம் தொங்கிப்போயிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு ஜெசிந்தா அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார்.

பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ராசன் அண்ணை அவர்களைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார், குனிந்து அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா நாடியால் என்னைக் காட்டினார். எங்கள் ஊரில் பறைமேளம் எப்போது கேட்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவர் மெல்ல வந்து சொன்னார்: "செத்தவீடெண்டு லீவு கேட்டுக்கொண்டெல்லோ வந்திட்டன். இனி வேலை தந்த சிஞ்ஞோரா ஆர் செத்ததெண்டு கேட்டா ஆரைச் சொல்ல?"

மாறிவந்த பிள்ளை

ஆடி முடிந்ததும் கதை. அன்று அயர்லாந்தில் மண்மேட்டுக்குள் குடியிருக்கும் குட்டி மனிதர்களின் கதை. அவர்கள் ஆள் இல்லாத நேரம் வந்து, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கள் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் போவார்கள். பார்த்தால் அச்சு அசல் அதே பிள்ளை, ஆனால் அது இல்லை. அவர்களுக்கு இரும்பென்றால் பயம். அதனால் ஒரு தாய் தொட்டிலில் பிள்ளையின் காலடியில் அடுப்புக் குறட்டை வைத்தாள் என்று சொல்லிக்கொண்டு போக, கதவடியிலிருந்து குரல் வந்தது. "காலடியிலை வைச்சு என்ன பிரயோசனம்? இரும்பைத் தலைமாட்டிலை எல்லோ வைக்கோணும்." பிள்ளைகள் எல்லாரும் ஜெசிந்தா அக்கா பக்கம் திரும்பினார்கள். நான் கதையைத் திருத்தி, குறட்டைத் தலைமாட்டுக்கு மாற்றினேன். ஆனால் மனதுக்குள், இவ ஒரு சொல்லும் விடாமல் கேட்கிறா, யாருக்கோ போய்ச் சொல்லத்தான் கேட்கிறா என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த கிழமை சிவகுமார் அண்ணை வகுப்புத் தொடங்க முன்னமே வந்து நின்றார். பாகற்காய்க் கறியைக் கண்டதும் கவின் கோப்பையைத் தள்ளிவிட்டு, நான் கவின் இல்லை, கவின் மேட்டுக்குள் இருக்கிறான், அவன் வந்து சாப்பிடுவான் என்றானாம். அதுவும் பாதி தமிழ், பாதி சிசிலிக்காரன் இழுத்துப் பேசும் இத்தாலியன். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவன் சொன்னதை விடும். என்ரை மனிசி அண்டையிலையிருந்து அவன்ரை தலைமாட்டிலை குறட்டை வைச்செல்லோ படுக்கவிடுறா."

எலுமிச்சம்பழம்

இந்த ஊரில் பிள்ளை பேசப் பழகுவதற்கு முன்பே கை பேசப் பழகிவிடும். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஐந்து விரலையும் குவித்து ஆட்டினால்தான் வாய் திறக்கும். எங்கள் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து அப்படியே. கையை உடம்போடு வைத்து ஆடு என்றால், ஏன் என்று கேட்கவே கை மேலே வந்துவிடும். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கோர்க்கில் எங்கள் ரீச்சர் உள்ளங்கையில் காசுக் குற்றியைத் தந்து பொத்தச் சொல்வார், விழுந்தால் போச்சு. இந்த வயதுக்காரரிடம் காசைக் கொடுத்தால் விழுங்கிவிடுவார்களே என்று, சந்தையில் சின்னச் சின்ன எலுமிச்சம்பழமாகப் பார்த்துப் பொறுக்கி வந்தேன். ஆளுக்கு இரண்டு. பொத்திப் பிடித்துக்கொண்டு வட்டமாக ஆட வேண்டும். கை தானாகவே கீழே நின்றது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி எனக்குச் சந்தோஷம். சில பழம் நழுவிக் காலடியில் விழுந்து நசுங்கியது, மற்றதைப் பிழிந்து சீனி போட்டுப் பிள்ளைகளுக்கே குடிக்கக் கொடுத்தேன்.

இப்போது அதைக் கதவடியிலிருந்து பாருங்கள். பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள், கையில் எலுமிச்சம்பழம், வாயில் விளங்காத பாஷை, பக்கத்தில் தோல் மேளம், போன கிழமை பேய்க்கதை, காலுக்குக் கீழே மிதிபட்ட பழம். எங்கள் ஆட்களில் யாருக்கு என்ன தோன்றும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே விளக்கைப் போட்டுப் பார்த்தாலும் பேய்தான். பிள்ளைகள் கையில் புளிப்பு மணத்தோடு வீட்டுக்குப் போனார்கள், கதையும் கூடவே போனது. அதுவரை நான் பிள்ளைகளை வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாற்றுகிறேன் என்று சைவக்காரர் கதைத்தார்கள். இப்போது சைவக்காரி கோயில் மண்டபத்துக்குள் செய்வினை செய்கிறாள் என்று வேதக்காரர் கதைத்தார்கள். வாட்ஸப்பில் என்னென்ன ஓடியதோ, என்னைச் சேர்க்காத குழுக்களில்தான் ஓடியது.

மேஸ்த்ராவைத் தேடிய சிஞ்ஞோராவுக்கும் மணம் எட்டியது. அவரும் ஒருநாள் என்னை மூலைக்குக் கூட்டிப் போனார். இது கண்ணூறுக்குத்தானே என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை, ஆனால் கோபிக்கவும் இல்லை. "என்ரை மச்சாளுக்கும் ஒண்டு செய்து தருவீங்களோ? அவவுக்குத் தெரியாமல்."

பாதரின் கை

உயிர்த்த ஞாயிற்றுக்குக் கொஞ்ச நாள் முன்னர் பாதரே வந்தார். பின்னால் சால்வோ, நாடாவோடு. முறைப்பாடு ஒன்று வந்திருக்கிறது என்றார் பாதர். யார் என்று சொல்லவில்லை. நான் கதவடியைப் பார்த்தேன். ஜெசிந்தா அக்கா நிலத்தைப் பார்த்தார்.

விளக்கம் சொல்லி வேலையில்லை என்று தோன்றியது. இரண்டு பழத்தை எடுத்துப் பாதரின் கையில் வைத்து, கையைக் கீழே விட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் வாயைத் திறந்தார். வலது கை மேலே வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். கையை இறக்கினார், வாய் நின்றது. மறுபடி தொடங்கினார், இந்தமுறை இடது கை. கடைசியில் ஒரு பழம் பறந்துபோய் சால்வோவின் காலடியில் விழுந்தது. பாதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விஷயம் விளங்கிவிட்டது, நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துவிட்டு, பங்குச் சபை இதை இப்படியே விடாது என்றார். பங்கைச் சேர்ந்த பெரிய ஆள் ஒருவர் சனிக்கிழமைதோறும் வகுப்பு முடியும் வரை மண்டபத்தில் இருந்து பொறுப்பு எடுக்க வேண்டும். அப்படி ஒருவரைப் பிடித்தால் மண்டபம் எனக்கு. இல்லாவிட்டால் பாஸ்குவாவோடு சால்வோவுக்கு. மற்றப் பழத்தை என் கையில் திருப்பித் தந்தார். "கையில்லாமல் என்னாலை பூசை வைக்கவே ஏலாது சிஞ்ஞோரா. ஆனா முறைப்பாடு முறைப்பாடுதான்."

நம்பினவர்கள்

என்னை நம்பினவர்களிடம் போனேன். சிஞ்ஞோரா இப்போது என்னைத் தங்கம் என்றுதான் சொல்வார், மச்சாளுக்கு என்ன நடந்ததோ தெரியாது. சனிக்கிழமை அவருக்குத் தலைமயிர் வெட்டும் நாளாம், அதை மாற்றவே முடியாதாம். ராசன் அண்ணையும் அந்தப் பங்குக்காரர்தான். அவருக்கு அந்த மேளத்தைக் கேட்டால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறதாம். மற்ற அம்மாமார், நீங்கள் இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம் ரீச்சர் என்று சொல்லிக்கொண்டே சந்தைப் பையை எடுத்தார்கள்.

ஒருவர் மட்டும் கேட்காமலே வந்தார். சிவகுமார் அண்ணை. கவின் வீட்டில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் துள்ளுகிறானாம், வகுப்பு நின்றால் அவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம். பங்கைச் சேர்ந்தவர்தான் வேண்டும் அண்ணை என்றேன். நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதுக்காக நான் ஞானஸ்நானம் எடுக்கேலாது தங்கச்சி. மற்றும்படி என்ன வேணுமெண்டாலும் கேளும்."

கடைசிச் சனிக்கிழமை

யாரும் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பாதர் மண்டபக் கதவின் திறப்பை என்னிடம் திரும்ப வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையும் மேலே வரவில்லை. சால்வோ மேடையை அளந்துகொண்டிருந்தார்.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று நேரே கதவடிக்குப் போனேன். "அக்கா, பாதரிட்டைச் சொன்னது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான்," என்றார். கண்ணை நிலத்துக்கு இறக்கவில்லை. "பிள்ளையின்ரை கையிலை எலுமிச்சம்பழத்தைக் கண்டிட்டுச் சொல்லாமல் இருப்பனோ? நீர் இருப்பீரோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. "இனி உங்களுக்கு நிம்மதி. வாற சனி இஞ்சை கராத்தே," என்றேன். அவர் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் நான் தலையைக் குனிந்தபோதுதான் கதிரைக்குக் கீழே கண்டேன். அக்காவின் கால்கள் பிள்ளைகளின் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தன. முன்னே நுனிவிரல், பின்னே குதி, ஒரு சின்னத் துள்ளல். பாதம் வெளிப்பக்கம் திரும்பி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்து. கை இரண்டும் கைப்பையின்மேல் அசையாமல். என் வகுப்பில் அப்படிச் சுத்தமாக ஆட இன்னும் ஒருவருக்கும் வரவில்லை.

பாதர் உள்ளே வந்து என்னிடம் திறப்பை வாங்கினார். சால்வோ கையை நீட்டினார். அக்கா எழுந்தார். சனிக்கிழமைகளில் நான் இருக்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று இத்தாலியனில் சொன்னார். பாதர் அவரை மேலும் கீழும் பார்த்து, முறைப்பாடு செய்ததே நீங்கள்தானே என்றார். அதனால்தான், காவலுக்கு நம்பாத ஆளைத்தானே வைக்க வேண்டும் என்றார் அக்கா. பாதர் திறப்பை அக்காவின் கையில் கொடுத்தார், என் கையில் இல்லை. சால்வோவின் அளவு நாடா சர்ரென்று உள்ளே இழுபட்டது.

எல்லாரும் போன பிறகு நசுங்கிய பழங்களை இரண்டு பேருமாகக் கூட்டி அள்ளினோம். அனித்தா மேடையில் படுத்து நித்திரை. ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் திறப்பைக் கைப்பைக்குள் போட்டு, சிப்பை இழுத்துப் பூட்டினார். "உம்மைக் கையும் களவுமாய்ப் பிடிக்கவெண்டுதான் வந்து இருந்தனான். பாதரின்ரை கை மேலை போனதைக் கண்டு, பிடிக்க ஒண்டுமில்லை எண்டு தெரிஞ்சாப் பிறகு எழும்ப மனம் வரேல்லை. எண்டாலும் பாத்துக்கொண்டுதான் இருப்பன்."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: நம்புகிறவர்கள் பிள்ளையை இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்கள், சந்தேகப்படுகிறவர்தான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை கூட இருப்பார்.